வெளிநாட்டு மருத்துவ அறிக்கை: அப்போஸ்டில் ஒட்டியிருந்தால் நம்பிவிடலாமா?

கோப்புக்கட்டு | 11 மார்ச் 2025, காலை 10:20

நெதர்லாந்து மருத்துவமனை ஒன்றின் அறிக்கை, பிடிஎஃப், 4 பக்கம். கூடவே 4 பக்க மொழிபெயர்ப்பு. கடைசியில் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வேறு நாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு இணைக்கும் சான்றுத்தாள். காப்பீட்டுக் கோரிக்கைக்காக வந்திருக்கிறது.

மூலத்தில் ஹீமோகுளோபின் 8,2 (அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி). மொழிபெயர்ப்பில் 13.2. மூலத்தில் தேதி 03-02-2025. மொழிபெயர்ப்பில் மார்ச் 2. எண்ணையும் தேதியையும் மாற்றியிருக்கிறார்கள், போலி என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அரசு முத்திரை இருக்கிற கோப்பை அப்படிச் சொல்லலாமா? அப்போஸ்டில் இருந்தாலே உண்மை என்றுதானே அர்த்தம்?

முத்திரைமேசை | 11 மார்ச், காலை 11:05

இல்லை. இந்த ஒரு தப்பெண்ணத்தால்தான் பாதிக் கோப்புகள் சரிபார்க்காமலே தாண்டிப் போகின்றன.

அப்போஸ்டிலுக்கு அடிப்படையான, 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவைப் பாருங்கள். அப்போஸ்டில் மூன்றுக்குத்தான் பொறுப்பேற்கிறது: கையெழுத்து மெய்யானது, போட்டவர் இன்ன பொறுப்பில் இருந்து போட்டார், முத்திரை இன்னாருடையது. உள்ளே எழுதியிருக்கும் நோய், எண், தேதி எதற்கும் அது சாட்சி இல்லை.

தாளை எடுத்து வையுங்கள். சதுரமாக இருக்கும், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 செ.மீ. எந்த நாடு கொடுத்தாலும் தலைப்பு பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். கீழே எண்ணிட்ட 10 வரிகள். 1 நாடு, 2 யார் கையெழுத்து, 3 எந்தப் பொறுப்பில், 4 யார் முத்திரை, 5 ஊர், 6 தேதி, 7 கொடுத்த அதிகாரி, 8 பதிவு எண், 9 முத்திரை, 10 கையெழுத்து. எல்லாரும் 8, 9, 10-ஐத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது 2, 3, 4. அந்த 3-ஆவது வரியில் என்ன எழுதியிருக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.

ஆய்வகக்கண் | 11 மார்ச், காலை 11:40

போலி என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். 8,2-க்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது? அடுத்த பத்தியில் இயல்பு வரம்பு என்ன? அதே தாளில் சிவப்பணு எண்ணிக்கை, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) ஆகியவற்றையும் அப்படியே எடுத்துப் போடுங்கள். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, கோப்பு எண் எதுவும் இங்கே வேண்டாம்.

கோப்புக்கட்டு | 11 மார்ச், பிற்பகல் 2:15

ஹீமோகுளோபின் 8,2 மில்லிமோல்/லிட்டர், வரம்பு 7,5 – 10,0. சிவப்பணு 4,1. ஹீமட்டோகிரிட் 0,39. எம்.சி.எச். 2,0 ஃபெம்டோமோல். நோயாளி பெண்.

அப்போஸ்டிலின் 3-ஆவது வரி: "உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்".

ஆய்வகக்கண் | 11 மார்ச், பிற்பகல் 2:50

அப்படியானால் அந்த எண்ணை யாரும் திருத்தவில்லை.

நெதர்லாந்து ஆய்வகங்கள் ஹீமோகுளோபினை மில்லிமோல்/லிட்டரில் கொடுக்கும். அதை 1.611-ஆல் பெருக்கினால் கிராம்/டெசிலிட்டர். 8.2 × 1.611 = 13.2. வரம்பைப் பார்த்தாலே தெரியும்: 7,5 – 10,0 என்பது பெண்களுக்கு அந்த அலகில் இயல்பு வரம்பு. கிராம் கணக்கில் எந்த ஆய்வகமும் 7.5-ஐ இயல்பு என்று அச்சடிக்காது.

மற்ற எண்களும் ஒத்துப்போகின்றன. எம்.சி.எச். என்பது ஹீமோகுளோபினைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தது. 8.2 ÷ 4.1 = 2.0. சரி. எம்.சி.எச்.சி. (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் செறிவு) வேண்டுமானால் 8.2 ÷ 0.39 = 21 மில்லிமோல்; கிராமில் 33.8 அளவில் வரும், அதுவும் இயல்பு. எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு) 0.39 ÷ 4.1 × 1000, அதாவது 95 ஃபெம்டோலிட்டர். அந்த 8.2-ஐ கிராம் என்று எடுத்துக்கொண்டால் எம்.சி.எச்.சி. 21 கிராம் ஆகிவிடும். எம்.சி.வி. 95 இருக்கும்போது அப்படி வெளிறிய சிவப்பணு உடம்பில் இருக்காது.

அந்த அம்மாவுக்குக் கடும் ரத்தசோகை, அதை மறைக்க எண்ணை மாற்றினார்கள் என்று எழுதியிருந்தால், நல்ல ரத்தம் உள்ள ஒருவர்மேல் மோசடிப் பழி விழுந்திருக்கும்.

முத்திரைமேசை | 11 மார்ச், பிற்பகல் 3:30

தேதியும் அதே கதைதான். அங்கே நாள்-மாதம்-ஆண்டு. 03-02-2025 என்றால் பிப்ரவரி 3. மாதத்தை முதலில் எழுதிப் பழகியவர் மொழிபெயர்த்திருக்கிறார், மார்ச் 2 ஆகிவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள அதே அறிக்கையில் 12-க்கு மேற்பட்ட நாள் எண் வரும் இன்னொரு தேதியைத் தேடுங்கள்.

ஆனால் 3-ஆவது வரிதான் பெரிய சங்கதி. "உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்" என்றிருந்தால், அந்த அப்போஸ்டில் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கு மட்டும் போட்டது. மருத்துவமனையைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மூல அறிக்கையை யாராவது வீட்டிலேயே தட்டச்சு செய்து கொடுத்திருந்தாலும் இதே அப்போஸ்டில் இதே மாதிரி கிடைத்திருக்கும்.

ஆக உங்கள் இரண்டு முடிவுமே தலைகீழ். சந்தேகப்பட்ட எண் சரி. நம்பிய முத்திரை இங்கே எதற்கும் உதவாது.

கோப்புக்கட்டு | 11 மார்ச், மாலை 4:10

மிரண்டுவிட்டேன். அப்படியானால் மருத்துவரின் கையெழுத்துக்கே அப்போஸ்டில் வாங்கி வரச் சொல்லட்டுமா?

முத்திரைமேசை | 11 மார்ச், மாலை 5:00

சொல்லலாம், ஆனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உடன்படிக்கை பொது ஆவணங்களுக்கு மட்டும். தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் பல நாடுகளில் பொது ஆவணம் ஆகாது. நோட்டரியிடம் போய் கையெழுத்தை உறுதிசெய்து வாங்குவார்கள், அப்போஸ்டில் அந்த நோட்டரிக்கு விழும். 3-ஆவது வரியில் "நோட்டரி" என்று வரும். நோட்டரி சொன்னது "இவர் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்பதை மட்டும். சில நேரம் அதுகூட இல்லை, "நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது" என்று மட்டும் இருக்கும். போலி மூலத்தோடு ஒத்திருக்கும் நகலும் ஒத்த நகல்தான்.

அப்போஸ்டிலே போலியா என்று பார்ப்பது தனி வேலை. 7-ஆவது பிரிவின்படி, கொடுத்த அதிகாரி பதிவேடு வைத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட யார் கேட்டாலும் எண்ணும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பல நாடுகள் அதை இணையப் பதிவேடாகவே வைத்திருக்கின்றன. எண்ணும் தேதியும் கொடுத்தால் போதும்.

பதிவேடு "சரி" என்று சொன்னாலும் தாளின் மூலையைப் பாருங்கள். மெய்யான அப்போஸ்டிலை வேறு ஆவணத்திலிருந்து பிரித்து இதில் சேர்த்திருக்கலாம். ஸ்டேப்ளர் துளை இரண்டு ஜோடி இருக்கிறதா, இணைப்பு முத்திரை இரண்டு தாளிலும் பாதிப் பாதியாக ஒத்து விழுந்திருக்கிறதா, மேல் தாளின் துளையும் கீழ்த் தாளின் துளையும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா. ஸ்கேன் படத்தில் இது தெரியாது, தாளையே வாங்கிப் பார்க்க வேண்டும்.

முத்திரைமேசை | 11 மார்ச், மாலை 5:20

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். அந்த நாடு எப்போது உடன்படிக்கைக்குள் வந்தது என்று பாருங்கள். சீனப் பெருநிலத்தில் 2023 நவம்பர் 7 முதல்தான் நடைமுறை. கனடாவில் 2024 ஜனவரி 11 முதல். 2022 தேதியிட்ட கனடா அப்போஸ்டில் என்று ஒன்று இருக்கவே முடியாது. இந்த ஒரு கணக்கில் பிடிபடும் தாள்கள் உண்டு. ஹாங்காங், மக்காவ் இரண்டும் சீனாவுக்கு முன்பே அப்போஸ்டில் கொடுத்துவந்தவை, அவற்றை இதில் சேர்க்காதீர்கள்.

பதிவறை | 12 மார்ச், காலை 9:10

மேலே எல்லாரும் தாளையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். தாளை எவ்வளவு பார்த்தாலும், எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் தெரியும். பதில் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது. மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவு "நாங்கள் கொடுத்ததுதான்" என்று சொல்லும்வரை அது சரிபார்த்த அறிக்கை ஆகாது.

நேரே மின்னஞ்சல் போட்டால் பதில் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதோடு மருத்துவ ரகசியம். அந்தப் பெயரில் நோயாளி இருந்தாரா என்பதைக்கூட உறுதிசெய்ய மாட்டார்கள். "பதில் இல்லை, ஆகவே போலி" என்று முடிவுகட்டும் மேசைகள் இருக்கின்றன. பதில் இல்லை என்றால் ஒப்புதல் கடிதம் இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

ஆகவே முதல் வேலை நோயாளியின் எழுத்து மூல ஒப்புதல். அதில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை கொடுத்த நோயாளி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ள ஆவணம், யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார், எதற்காக, ஒப்புதல் எந்த நாளோடு முடிகிறது, கையெழுத்து, தேதி. அமெரிக்க மருத்துவமனை என்றால் அங்குள்ள மருத்துவத் தகவல் ரகசியச் சட்டமான ஹிப்பாவின் விதி கேட்கிற கூறுகளும் கிட்டத்தட்ட இவைதான், ஆனால் ஒன்று குறைந்தாலும் அந்தப் படிவம் செல்லாது. ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அடையாள அட்டை நகல் கேட்பார்கள். தேவையில்லாத எண்களை மறைத்துவிட்டு அனுப்பலாம்.

அடுத்து, யாருக்கு அனுப்புகிறோம் என்பது. அறிக்கையின் தலைப்பில் அச்சான தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போகவே கூடாது. போலி செய்தவர் தன் எண்ணையே போட்டிருப்பார், அவரே எடுத்து "ஆமாம், எங்களுடையதுதான்" என்பார். மருத்துவமனையின் தளத்தை நீங்களே தேடி, பொது எண்ணை அழைத்து, பதிவுப் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள். பதில் வரும்போதும் அனுப்பியவர் முகவரியில் கடைசிப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உரிமையாளர் பெயர். அதற்கு முன்னால் மருத்துவமனையின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில்லை. சில நாடுகளில் கடைசி இரண்டு துண்டும் நாட்டுக் குறியீடாகவே வரும், அங்கே இன்னும் ஒரு துண்டு இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள்.

கேட்கும் கேள்வி சின்னதாக இருக்கட்டும். அறிக்கையை இணைத்து மூன்றே கேள்வி: இது உங்களிடமிருந்து வந்ததா? ஒவ்வொரு பக்கமும் உங்கள் பிரதியோடு ஒத்திருக்கிறதா? கையெழுத்திட்ட மருத்துவர் அந்தத் தேதியில் உங்களிடம் பணியில் இருந்தாரா? "நோயாளியின் நிலை பற்றி விரிவாகத் தெரிவிக்கவும்" என்று எழுதினால் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது கேள்வியில் "ஒவ்வொரு பக்கமும்" என்பதை விடாதீர்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மெய்யாக இருந்து, நடுவில் ஒரு பக்கம் மட்டும் மாற்றப்பட்ட கோப்புக்கும் "ஆமாம், இவர் எங்கள் நோயாளி" என்ற பதில் வரும்.

கோப்புக்கட்டு | 12 மார்ச், காலை 11:30

ஒப்புதல் படிவம் அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை வேறு என்ன பார்க்கலாம்?

பதிவறை | 12 மார்ச், நண்பகல் 12:15

இன்னும் விரைவான வழி ஒன்று: நோயாளிக்கு அந்த மருத்துவமனையின் இணைய வாசலில் கணக்கு இருக்கலாம். அவரே உங்கள் கண்முன் உள்ளே போய் அறிக்கையைத் திறந்து காட்டினால் போதும், கடவுச்சொல்லை நீங்கள் வாங்கக் கூடாது. திரைப் பிடிப்பு அனுப்பச் சொல்லாதீர்கள், அதை உண்டாக்க ஐந்து நிமிடம் போதும்.

கையெழுத்திட்டவரையும் பார்த்துவையுங்கள். நெதர்லாந்தில் மருத்துவர்களுக்கான பிக் பதிவேடு பொதுவில் திறந்திருக்கிறது, எண் 11 இலக்கம். பிரிட்டனில் பொது மருத்துவ மன்றத்தின் எண் 7 இலக்கம். அமெரிக்காவில் மருத்துவர்களுக்கான அடையாள எண்ணான என்.பி.ஐ. 10 இலக்கம், கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முன்னால் 80840 சேர்த்து லூன் கணக்குப் (எண்ணில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் கூட்டல் முறை) போட்டால் பொருந்த வேண்டும். வாய்க்கு வந்தபடி அடித்த பத்து எண்ணில் ஒன்பது இதில் விழுந்துவிடும்.

முத்திரைமேசை | 12 மார்ச், பிற்பகல் 1:00

பதிவேட்டில் பெயர் இருந்தால் அப்படி ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். கொஞ்சம் விவரமான போலியில் மருத்துவர் பெயரும் எண்ணும் எப்போதும் மெய்யாகத்தான் இருக்கும், எடுத்ததே அந்தப் பதிவேட்டிலிருந்துதானே. துறை பொருந்துகிறதா என்று பாருங்கள். இதய அறுவை அறிக்கையில் தோல் நிபுணர் கையெழுத்துப் போட்டிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அது.

நெதர்லாந்து பற்றி ஒன்று. அங்கே சிகிச்சை தரும் மருத்துவர் தன் சொந்த நோயாளிக்கு "இவர் வேலைக்குத் தகுதியற்றவர்", "பயணம் செய்ய இயலாதவர்" என்று அபிப்பிராயச் சான்று எழுதக் கூடாது என்பது அவர்களின் மருத்துவர் சங்கத்தின் நெறி. நடந்தது என்ன, என்ன சோதனை, என்ன மருந்து என்ற விவரத்தை மட்டும் கொடுப்பார்கள். ஆகவே அங்கிருந்து வரும் கடிதம் வறண்டு சுருக்கமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். "இவருக்கு முழுத் தொகையும் வழங்கப் பரிந்துரைக்கிறேன்" என்று உருகி எழுதியிருந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

படக்கோப்பு | 13 மார்ச், இரவு 8:40

பிடிஎஃப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

வந்த கோப்பை முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். திறந்து, மறுபடி "பிடிஎஃப் ஆக அச்சிடு" கொடுத்தால் உள்ளே இருந்த டிஜிட்டல் கையொப்பம் அழிந்துபோகும். அப்புறம் நோயாளியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாட்ஸ்அப்பில் வாங்கினால் படமாக அல்ல, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படம் சுருங்கிவிடும், ஆவணம் அப்படியே வரும்.

கையெழுத்துப் படம் வேறு, டிஜிட்டல் கையொப்பம் வேறு. நீல மையில் அழகாகக் கிறுக்கிய படம் யார் வேண்டுமானாலும் ஒட்டக்கூடியது. டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் வாசிப்பு மென்பொருளின் கையொப்பப் பலகையில் தெரியும். அங்கே இரண்டு தகவல் தனித்தனி: கையொப்பத்துக்குப் பிறகு கோப்பு மாறியதா, கையொப்பமிட்டவர் யார் என்று நம்பத்தக்க சான்று இருக்கிறதா. "அடையாளம் தெரியவில்லை" என்று மஞ்சளாகக் காட்டினால் உங்கள் கணினிக்கு அந்த நாட்டுச் சான்றளிப்பு நிறுவனத்தைத் தெரியாது என்பதுதான் பெரும்பாலும் பொருள். "கையொப்பத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது" என்று வந்தால்தான் சங்கதி.

கையொப்பமே இல்லாத கோப்பில்: எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டுங்கள். மேலே வெள்ளைப் பெட்டி வைத்து மறைத்த பழைய எண் அடியில் இருந்தால் வெளியே வந்துவிடும். பிறகு 800 சதவீதம் பெரிதாக்கி, சந்தேகப்படும் இலக்கத்தையும் அதே வரியின் அடுத்த இலக்கத்தையும் பாருங்கள். அடிக்கோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா, 8-இன் இரண்டு வளையமும் மற்ற 8-களைப் போலவே இருக்கின்றனவா, சுற்றியுள்ள மங்கல் ஒரே மாதிரியா.

கோப்பின் பண்புகளில் "கைபேசி ஸ்கேனர்" என்று வந்தாலே போலி என்று குதிக்க வேண்டாம். தாளாக வாங்கியவர் கைபேசியில் ஸ்கேன் செய்வது இயல்பு.

முக்கியமான ஒன்று: நோயாளியின் அறிக்கையை இலவச "போலி கண்டுபிடிக்கும்" தளங்களில் ஏற்றாதீர்கள். அந்த மனிதரின் நோய் விவரம் எங்கே போய்த் தங்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வகக்கண் | 14 மார்ச், காலை 7:50

எண்களுக்கு இடையேயான கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் திருத்துகிறவர்கள் ஒரு எண்ணை மாற்றுவார்கள், அதோடு கட்டுண்ட மற்றவற்றை மறந்துவிடுவார்கள். வெள்ளணு வகைகளின் சதவீதம் கூட்டினால் 100. எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) இரண்டு அலகிலும் கொடுத்திருந்தால் 6.5 சதவீதம் என்பது 48 மில்லிமோல்/மோல், 7.0 என்பது 53. குளுக்கோஸ் 126 மில்லிகிராம் என்பது 7.0 மில்லிமோல், அதாவது 18-ஆல் வகுக்க வேண்டும். கிரியேட்டினினுக்கு 88.4-ஆல் பெருக்க வேண்டும், 1.2 என்பது 106 மைக்ரோமோல். கொழுப்பில் எல்.டி.எல். = மொத்தம் − எச்.டி.எல். − டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் 210, எச்.டி.எல். 45, டிரைகிளிசரைடு 150 என்றால் 135 வர வேண்டும். வராவிட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

காலக் கணக்கு இன்னும் வலுவானது. மாதிரி எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், முடிவு வந்த நேரம், அச்சிட்ட நேரம் என்று நான்கு இருக்கும். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சளி எடுத்து மூன்றாம் நாள் "காசநோய் கல்ச்சர்: வளர்ச்சி இல்லை, இறுதி முடிவு" என்று அறிக்கை வந்தால் அது இறுதி முடிவாக இருக்க முடியாது. திரவ ஊடகத்திலேயே கிருமி இல்லை என்று சொல்ல ஆறு வாரம் வைத்திருப்பார்கள், திட ஊடகத்தில் எட்டு வாரம். மூன்று நாளில் வரக்கூடியது நுண்ணோக்கிச் சோதனையும் மரபணுச் சோதனையும்தான்.

ஆய்வகக்கண் | 14 மார்ச், காலை 9:15

மேலே கொழுப்புக் கணக்கில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், "கை வைத்திருக்கிறார்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது ஃப்ரீட்வால்ட் சூத்திரம். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கின்றன, சில புதிய சூத்திரங்களுக்கு மாறிவிட்டன. டிரைகிளிசரைடு 400 தாண்டினால் ஃப்ரீட்வால்ட் செல்லவே செல்லாது. மில்லிமோல் அறிக்கையில் 5-க்குப் பதில் 2.2-ஆல் வகுக்க வேண்டும். ஆகவே எல்.டி.எல். பொருந்தாவிட்டால் எந்த முறையில் அளந்தீர்கள் என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

எம்.சி.எச். கணக்கு அப்படியல்ல. இயந்திரமே வகுத்துப் போடுவது, முழுமையாக்கலில் வரும் ஒரு புள்ளி வித்தியாசத்தைத் தாண்டிப் பிசகினால் கட்டாயம் விளக்கம் வேண்டும். வெள்ளணுச் சதவீதமும் முழுமையாக்கலால் 99 அல்லது 101 வரலாம். 94 வரக் கூடாது.

படக்கோப்பு | 14 மார்ச், இரவு 9:30

ஸ்கேன் அறிக்கை என்றால் தாளை விட்டுவிட்டுக் குறுந்தட்டைக் கேளுங்கள். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) கோப்பாக இருக்கும். படத்தோடு தலைப்புத் தகவலும் உள்ளே பதிந்திருக்கும்: பெயர், பிறந்த தேதி, எடுத்த நாளும் நேரமும், நிறுவனப் பெயர், இயந்திரத்தின் தயாரிப்பாளர், வரிசை எண். அறிக்கையில் "3 டெஸ்லா எம்.ஆர்.ஐ." என்று எழுதியிருக்கும், காந்தப்புல வலிமைக்கான இடத்தில் 1.5 என்றிருக்கும். அறிக்கையில் மருந்து செலுத்தி எடுத்ததாக இருக்கும். தட்டில் மருந்து செலுத்திய பிறகான தொடரே இருக்காது. இந்த மாதிரிப் பொருந்தாமைகள் தாளில் தெரியவே தெரியாது.

தலைப்புத் தகவலையும் இலவச மென்பொருளால் மாற்ற முடியும் என்பதால் அதையே முடிவாக வைக்காதீர்கள். அதில் "ஆய்வுத் தனி அடையாள எண்" என்று புள்ளிகளால் பிரிந்த நீண்ட எண் ஒன்று இருக்கும், 64 எழுத்து வரை போகும். அதை மருத்துவமனைக்கு எழுதி "இந்த எண்ணில் ஒரு ஆய்வு உங்கள் படக் களஞ்சியத்தில், இந்த நோயாளி பேரில் இருக்கிறதா" என்று கேளுங்கள். அவர்களுக்கும் தேட எளிது, ஆமாம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும்.

பயாப்ஸி என்றால் இதைவிடத் திடமான வழி இருக்கிறது. எடுத்த திசு மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்காக அங்கே இருக்கும். அறிக்கையில் உள்ள பிளாக் எண்ணைச் சொல்லி ஸ்லைடை வரவழைத்து இங்கே ஒரு நோயியல் நிபுணர் மறுபடி பார்க்கலாம். புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் முன் இது எப்படியும் செய்ய வேண்டியது.

முத்திரைமேசை | 17 மார்ச், காலை 10:00

தேதி பற்றிப் பேச்சு வந்ததால்: தாய்லாந்து அறிக்கையில் 2567 என்றிருந்தால் பிழை இல்லை, 543-ஐக் கழித்தால் 2024. ஜப்பானில் பேரரசர் கால ஆண்டுக்கணக்கில் ரெய்வா 6 என்றால் அதுவும் 2024. எத்தியோப்பிய ஆண்டு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் இருக்கும்.

க்யூஆர் குறி இருக்கும் அறிக்கைகளில் ஸ்கேன் செய்தவுடன் திறக்காமல் முகவரியை வாசியுங்கள். போலியான க்யூஆர் போலியான தளத்துக்கே கூட்டிப்போய் பச்சை நிறத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்று காட்டும். மருத்துவமனைத் தளத்துக்கு நீங்களாகப் போய், அங்கே சரிபார்ப்புப் பக்கம் இருந்தால் எண்ணைக் கையால் தட்டுங்கள்.

கோப்புக்கட்டு | 27 மார்ச், பிற்பகல் 3:45

பதிவுப் பிரிவிலிருந்து பதில் வந்தது. முகவரி அவர்களுடையதுதான், பொது எண்ணில் அழைத்தும் உறுதிசெய்துகொண்டேன். 1, 2, 4 பக்கங்கள் அவர்கள் பிரதியோடு ஒத்திருக்கின்றன. 3-ஆவது பக்கம் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

பதிவறை | 27 மார்ச், மாலை 4:20

3-ஆவது பக்கத்தில் "வூர்லோப்பிக்" மாதிரி ஒரு சொல் எங்காவது இருக்கிறதா? டச்சில் "தற்காலிகம்" என்று பொருள். டிஸ்சார்ஜ் நாளில் கையில் கொடுப்பது தற்காலிகக் கடிதமாக இருக்கும். மீதி முடிவுகள் வந்தபிறகு இறுதிக் கடிதம் போகும், அதில் ஒரு பக்கம் மாறியிருக்கும். பதிவுப் பிரிவு எப்போதும் கடைசிப் பதிப்போடுதான் ஒப்பிடும்.

மறுபடி எழுதுங்கள்: "இந்த 3-ஆவது பக்கம் உங்கள் அமைப்பில் முந்தைய பதிப்பாக இருக்கிறதா? எந்தத் தேதியில் எது மாறியது?" பழைய பதிப்புகளையும் அமைப்பு வைத்திருக்கும், சிகிச்சைக் கோப்பை 20 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

கோப்புக்கட்டு | 2 ஏப்ரல், காலை 11:10

அந்தச் சொல் பக்கத்தின் மேல் வலது மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. பதிலும் வந்துவிட்டது: முந்தைய பதிப்புதான், பிப்ரவரி 3 அன்று கொடுத்தது. பிப்ரவரி 14 அன்று கல்ச்சர் முடிவு சேர்ந்து, மருந்து நாட்கள் 7-லிருந்து 14 ஆகியிருக்கின்றன. இறுதிப் பதிப்பை நேரே எங்களுக்கே அனுப்புகிறார்கள்.

முத்திரைமேசை | 2 ஏப்ரல், காலை 11:35

இறுதிப் பதிப்பு 4 பக்கத்துக்கும் புது மொழிபெயர்ப்பு கேளுங்கள். எண்ணையும் அலகையும் மூலத்தில் உள்ளபடியே வைக்கச் சொல்லுங்கள். மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு" என்று அடியில் தனியாக. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுத வேண்டும். பழைய 3-ஆவது பக்கத்தைக் கிழித்துப் போடாமல் மருத்துவமனையின் இரண்டு பதிலோடும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள், புதியதோடு சேர்த்துத் தைக்க வேண்டாம்.

ஆய்வகக்கண் | 2 ஏப்ரல், நண்பகல் 12:05

அந்த அம்மாவுக்கு 14 நாள் மருந்து என்ற திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது கேட்டீர்களா? கையில் இருப்பது தற்காலிகக் கடிதம் மட்டும் என்றால் 7 நாளோடு நிறுத்தியிருக்கலாம். கோரிக்கை அப்புறம், அதை இன்றே அவர் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.